கோவையில் சான் ஸ்டார்முக்கு செல்ஃப் மோட்டார் வேலை

மாமா வீட்டு சான் ஸ்டார்ம் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு, ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிகிறது. இங்கிலாந்தில், கவென்ட்ரியில் நான் ஓட்டும் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒருமுறை இதே மாதிரி மக்கர் பண்ணியதால், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார்தான் என்று உடனே பிடிபட்டது.

ஸ்டார்ம் இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. 1990களின் கடைசியில் கோவாவில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஃபைபர் பாடி, ரெனால்ட்டின் 1,149 சிசி எஞ்சின். கொஞ்சம்தான் விற்றது. மாமா அதைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார்.

முதலில் ஏசி போட்ட ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்பினோம். கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "சிஸ்டத்துல இந்த மாடலே வரலீங்க சார்" என்றான். சரி, பானெட்டைத் திறந்தாவது பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டு வந்தோம். போன் போட்டபோதெல்லாம் "பாத்துட்டு இருக்கோங்க". கடைசியில் வந்தது ஒரு எஸ்டிமேட்: வெளிநாட்டிலிருந்து மோட்டார் வரவழைக்க 38,000 ரூபாய், பொருந்துமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. போல்ட் ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. 1937லேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அப்புறம்தான் உக்கடம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். தகரக் கொட்டகை, எண்ணெய் படிந்த பெஞ்சு. மாமாவைவிட மூத்தவர். "ஃபைபர் வண்டிங்களா? அப்ப மொதல்ல எர்த்தப் பாப்போம் தம்பி" என்றார். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழிதான் எர்த். தகர பாடி என்றால் பாடியே அதைக் கடத்தும்; ஃபைபரில் ஒவ்வொன்றுக்கும் வயர்தான். பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு கேபிளைப் பிடித்து, "செல்ஃப் அடிங்க" என்றார். அதே 'டக்'. "மோட்டார்தானுங்க."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஜாக்கியையும் ஒரு செங்கல்லையும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. இங்கிலாந்தில் எந்தக் கராஜிலும் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இல்லாமல் ஒரு ஆளை அடியில் விடமாட்டார்கள். "அண்ணா, தயவுசெய்து" என்று கெஞ்சி, பக்கத்துக் கடையில் ஸ்டாண்ட் வாங்கிவந்து வைத்த பிறகுதான் படுக்க விட்டேன். இந்த அலட்சியம் இன்னும் மாறவில்லை என்பது வேதனை.

ஆனால் மோட்டார் வெளியே வந்ததும் அந்தக் கைகள் செய்த வேலை! சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் அழுத்தமே இல்லை. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சர் உரசியிருந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டின் செப்புக் காண்டாக்ட் கருகிக் கிடந்தது. அளவுக்கு பிரஷ் கிடைக்காததால் பெரிய பிரஷ்ஷை எமரி தாளில் தேய்த்து உட்கார வைத்தார். பிரஷ் உரசும் செப்புப் பகுதியான காமுட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்தார். எஞ்சினைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனைக் கையால் சுற்றி, ஒரு பக்கம் சுற்றுகிறது, மறுபக்கம் பிடிக்கிறது என்று எனக்கும் காட்டினார். பிறகு மோட்டாரைக் காலால் மிதித்துக்கொண்டு பேட்டரி வயரை அதில் தொட வைத்தார். பினியன் துள்ளி வெளியே வந்து சுழன்றது.

கவென்ட்ரியில் என் மாஸ்டாவுக்கு யாரும் மோட்டாரைப் பிரிக்கவே இல்லை. மணிக்கு 80 பவுண்டு கூலி, எக்ஸ்சேஞ்ச் மோட்டார் மாட்டி, பழையதை எடுத்துக்கொண்டார்கள். நேரத்துக்கு முடிந்தது, பில்லும் வாரண்டியும் வந்தன. இவர் "ஒரு மணி நேரந்தானுங்க" என்றதோ இருட்டும் வரை இழுத்தது; நடுவில் டீக்கு வேறு காணாமல் போய்விட்டார். 2,400 ரூபாய், பில் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆனாலும் வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது.

ஊரில் இப்படிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், முடிந்தால் மோட்டாரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். வண்டியை ஏற்றி இறக்கும் செலவு மிச்சம். எர்த் கேபிளும் பச்சை பூத்திருந்தால் அதையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள்.