இராணுவ நீதிமன்றங்கள் பற்றிய வார இறுதி வகுப்பு, திருகோணமலை: ஒரு மதிப்பீடு

திருகோணமலையில் டொக்யார்ட் வீதியை அண்டிய தனியார் கல்வி நிலையமொன்று சட்டம் படிப்போருக்காக நடத்தும் தொடரில், இராணுவ நீதிமன்றங்கள் பற்றிய பகுதிக்கு மட்டும் பணம் கட்டிச் சேர்ந்தேன். கட்டிய பணம் வீண்போகவில்லை.

விரிவுரையாளர் சட்டப்பிரிவுகளை ஒப்புவிக்காமல், ஒருவருடைய பதவிக்காலத்தை எடுத்துக்கொண்டு பாடத்தை நடத்தியமையே இவ்வகுப்பின் பலம். அமெரிக்க விமானப்படையின் ஒதுக்குப் படையைச் சேர்ந்த பிரிகேடியர் ஜெனரல் தோமஸ் ஹார்ட்மன், பயங்கரவாதச் சந்தேகநபர்களை விசாரிக்கக் குவாண்டனாமோவிலுள்ள அமெரிக்கத் தளத்தில் அமைக்கப்பட்ட இராணுவ நீதிமன்றங்களான இராணுவ ஆணைக்குழுக்களைக் கூட்டும் அதிகாரியின் சட்ட ஆலோசகராக 2007 யூலையில் பொறுப்பேற்றார். எந்தக் குற்றச்சாட்டை விசாரணைக்கு அனுப்பலாம் என்று பக்கஞ்சாராமல் சொல்லவேண்டிய பதவி அது. அவரோ பொதுமக்களின் கவனத்தை ஈர்க்கும் வழக்குகளை முன்னுக்குக் கொண்டுவருமாறு தம்மை நெருக்கினார் என்று தலைமை வழக்குத்தொடுநர் கேணல் மொறிஸ் டேவிஸ் முறையிட்டு, அவ்வாண்டு ஒக்ரோபரில் பதவி விலகியதோடு, 2008 ஏப்ரலில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தரப்புக்காகவே சாட்சியமும் அளித்தார். அடுத்த மாதம், பின்லாடனின் சாரதியாக இருந்த ஹம்தானின் வழக்கில் ஹார்ட்மன் மேற்கொண்டு ஆலோசகராகச் செயற்படக் கூடாதென இராணுவ நீதிபதி கீத் ஓல்ரெட் கட்டளையிட்டார்.

இதை விளக்க விரிவுரையாளர் வெண்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஆலோசகரையும் வழக்குத்தொடுநரையும் பிரித்த கோட்டை விரலால் பாதி அழித்துக் காட்டியபோது, வகுப்பில் கதைத்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். (அரசுக்கு ஆலோசனை கூறுபவரும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவரும் ஒரே சட்டமா அதிபராக இருக்கும் நம் நாட்டில், அந்தக் கோடு எங்கே என்று ஒரு மாணவி கேட்டதும் நல்ல கேள்விதான்.) ஹம்தானுக்கு விதிக்கப்பட்ட 66 மாதச் சிறையில் 61 மாதம் ஏற்கெனவே கழிந்ததாகக் கணிக்கப்பட்டதும், 2012 இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பே நீக்கப்பட்டதும் சுருக்கமாகச் சொல்லப்பட்டன.

குறை, இலங்கை பற்றிய பகுதியில் இருக்கிறது. கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் அமைந்துள்ள ஊரில், 1950 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் கடற்படைச் சட்டத்தின் பெயர் மட்டும் பலகையில் எழுதப்பட்டது. 2010 இல் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவை விசாரித்த இராணுவ நீதிமன்றம் அரசியலமைப்பின் பொருளில் 'நீதிமன்றம்' ஆகுமா என்ற வினாவும், ஆகும் என்று 2011 இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் பேசப்படவேயில்லை. போட்டோப் பிரதிகளோ ஓரம் வெட்டுண்டு, பாதி வரி வாசிக்க முடியாதவையாக இருந்தன.

இராணுவச் சட்டத்தரணியின் பதவி எத்தகையது என்று அறிய விரும்புவோர் தயங்காமல் சேரலாம். இலங்கைச் சட்டத்துக்காகப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.