பிஸ்டன் போய்விட்டது என்றால், அந்தப் பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் விழுந்த தேங்காய் கண்ணில் படாத அளவுக்குப் புல் ஏறிவிடும். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் இல்லாமல் அந்த மாதத்தைக் கடக்க முடியாது. சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் இயந்திரம் மக்கர் செய்தது. கயிற்றை இழுத்தால் கிளம்பும். சும்மா நிற்கும்போது சீராக ஓடும். ஆக்சிலரேட்டரை அழுத்திப் புல்லில் வைத்தால் திணறி நின்றுவிடும்.

பக்கத்து ஊர்ப் பழுதுக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கயிற்றை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தார். “பிளாக், பிஸ்டன் இரண்டும் போய்விட்டதுங்க அண்ணா” என்றார். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரைத்தான் பிளாக் என்பார்கள். 4,850 ரூபாய். மூன்று நாள் கழித்துப் போனபோது பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக் காட்டினார். கடையே அதிரும்படி கத்தியது. பழைய பிஸ்டனைக் கேட்டதற்குக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். துண்டுச் சீட்டில் ‘பிளாக் செட்’ என்று எழுதிக் கொடுத்தார். நம்பி வாங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தோப்பில் பல வருடங்களாக எங்களோடு உழைக்கும் பெரியவர் பிளேடை மாட்டி, இயந்திரத்தைத் தரையில் வைத்துக் கயிற்றை இழுத்தார். ஆக்சிலரேட்டரில் கையே வைக்கவில்லை. பிளேடு சுழன்றது. கீழே கிடந்த மட்டையில் பட்டு இயந்திரம் துள்ளியது. அவருடைய ரப்பர் பூட்ஸைக் கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. தோலில் படவில்லை.

இந்த இயந்திரங்களில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிளேடு சுழலவே கூடாது. வேகம் கூடினால்தான் கிளட்ச் விரிந்து பிடிக்கும். சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க கார்புரேட்டரில் ஐடிலிங் திருகாணி உண்டு. அந்தக் கடைக்காரர் அதை ஏற்றி வைத்திருந்தார். எஞ்சினில் புதுப் பலம் வந்துவிட்டது என்று சத்தத்தைக் கேட்டு நான் நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. ஒரு மனிதரின் கால் போயிருக்கும். பணத்தைக் காட்டிலும் இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகும் புல்லில் வைத்தால் அதே திணறல்தான். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்களைப் பழுது பார்க்கிறவன் என் மைத்துனன். மாலையில் வந்து பார்த்தவன் முதலில் எதையும் கழற்றவில்லை. டார்ச் அடித்து, “மாமா, இந்த போல்ட்டைப் பாருங்கள்” என்றான். பிளாக்கை அடியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் குழிக்குள் காய்ந்த புல்லும் எண்ணெயும் சேர்ந்து பிசின்போல இறுகிக் கிடந்தது. சாவி நுழைந்த தடமே இல்லை. அந்த போல்ட்டுகளைக் கழற்றாமல் பிஸ்டனை மாற்ற வழியே கிடையாது.

பிறகு சைலன்சரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினான். புகை வெளியேறும் துளை வழியாகப் பிஸ்டன் அப்படியே தெரிந்தது. கயிற்றை மெல்ல இழுத்து ஏற்றி இறக்கிக் காட்டினான். தலையில் பல மாதக் கரி. பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் பழைய பிஸ்டன்தான், அதுவும் நல்ல நிலையில். ஆயில் இல்லாமல் ஓடிக் கெட்டுப்போன பிஸ்டன் என்றால் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் விழுந்திருக்கும். கயிற்றைப் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிட்டால், உள்ளே அழுத்தம் நிற்காமல் இயந்திரம் தடையில்லாமல் சரிந்து இறங்கும். எங்களுடையது அசையாமல் நின்றது.

உண்மையான கோளாறு சைலன்சரின் வாயில் இருந்தது. தீப்பொறி வெளியே பறக்காமல் தடுக்க அங்கே ஒரு சின்னக் கம்பி வலை உண்டு. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அது முழுக்கக் கரி அப்பி அடைத்துக்கொண்டிருந்தது. புகை வெளியேற வழியில்லாமல்தான் எஞ்சின் திணறியது. அடுப்புத் தீயில் காட்டிச் சுட்டு, கம்பி பிரஷால் தேய்த்து மாட்டினோம். ஐடிலிங்கை இறக்கிப் பிளேடு நிற்பதை உறுதி செய்தோம். செலவு ஒன்றுமில்லை. கரி சேர்ந்ததற்கு எங்கள் பக்கமும் தவறு உண்டு. இந்த இயந்திரத்துக்கு லிட்டர் பெட்ரோலில் 40 மில்லி ஆயில் கலந்தால் போதும்; நாங்கள் கண் அளவில் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தோம். சில மாடல்களுக்கு 20 மில்லிதான் கணக்கு. கையேட்டைப் பார்த்து அளந்து ஊற்றுங்கள்.

பத்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். திரும்ப ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். கிளம்பவே மறுத்தால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், விரிசல் விட்ட பெட்ரோல் குழாய், கார்புரேட்டருக்குள் விறைத்துப்போன ரப்பர் தகடு இவற்றைப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டு வைக்காதீர்கள். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் பிஸ்டன் பேச்சே வர வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும் முன் பிளாக் போல்ட்டுகளின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றியிருந்தால் பூச்சு உடைந்திருக்கும். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

கிழிந்த பூட்ஸையும் கழற்றிய சைலன்சரையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். பாதிப் பணம் தருகிறேன், வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். வாங்காமல் வந்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பெரியவருக்குப் புது பூட்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் கயிற்றை இழுக்கும் முன் அவர் இப்போது இரண்டடி தள்ளி நிற்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.