செற்றா, ஃப்ரொம்கீஸா, கவுன்ரரா? டிக்சனறியிலிருந்து வேறுபட்ட பெறுமதிகளை எடுத்தல்

திருநெல்வேலிச் சந்தையில் எந்தக் கடையில் எந்த மாம்பழம் என்று பைதனில் ஒரு டிக்சனறி (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பெறுமதி வைக்கும் அமைப்பு; இங்கே கடை சாவி, மாம்பழ இனம் பெறுமதி):

சந்தை = {"கடை1": "கறுத்தக்கொழும்பான்", "கடை2": "அம்பலவி", "கடை3": "கறுத்தக்கொழும்பான்", "கடை4": "விலாட்", "கடை5": "அம்பலவி"}

பைதன் 3 இந்த வரியை அப்படியே ஏற்கும். மாறியின் பெயர் தமிழில் இருக்கலாம். ஐந்து கடை, மூன்று இனம். அந்த மூன்றையும் எடுக்கப் பல வழி உண்டு. ஆனால் எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். "வேறுபட்ட பெறுமதிகள்" என்றால் விடை மூன்று. "ஒரேயொரு தரம் மட்டும் வந்தவை" என்றால் விடை விலாட் மட்டும்தான். இரண்டாவதற்கு கலெக்சன்ஸ் மொடியூலில் உள்ள கவுன்ரர் (ஒவ்வொன்றும் எத்தனை தரம் வந்தது என்று எண்ணுவது) வசதியான வழி: வல்யூஸை, அதாவது பெறுமதிகளை, அதற்குக் கொடுத்து, எண்ணிக்கை 1 ஆக உள்ளவற்றை மட்டும் பொறுக்கலாம். முதலாவதற்கு கவுன்ரர் தேவையில்லை. அங்கே போட்டி செற்றுக்கும் (எதையும் ஒரு தரம் மட்டும் வைக்கும் தொகுப்பு) டிக்ட்.ஃப்ரொம்கீஸுக்கும் (கொடுத்தவற்றைச் சாவிகளாக்கி ஒரு டிக்சனறி செய்வது) இடையில்தான்.

பலரும் முதலில் எழுதுவது செற்(சந்தை.வல்யூஸ்()), அதாவது set(சந்தை.values()). சின்ன வரி, வேகமும் நல்லது. குறை வரிசையில்தான். செற் ஒவ்வொரு பெறுமதியிலிருந்தும் ஹாஷ் என்ற ஓர் எண்ணைக் கணித்து, அதை வைத்தே இடம் ஒதுக்கும். பைதன் 3.3 முதல் எழுத்துச் சரங்களின் ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். ஆகவே இப்போது அம்பலவி முன்னால் வரும், நிரலை மூடித் திரும்ப ஓட்டினால் விலாட் முன்னால் வரலாம். முழு எண்களின் ஹாஷ் அப்படி மாறுவதில்லை. அதனால் எண்களை வைத்துச் சோதித்தவர்கள் செற் வரிசையைக் காக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திரையில் காட்டும்போதோ, வெளியீட்டைப் பழைய கோப்போடு ஒப்பிடும்போதோதான் சிக்கல் தெரியவரும்.

லிஸ்ற்(டிக்ட்.ஃப்ரொம்கீஸ்(சந்தை.வல்யூஸ்())), அதாவது list(dict.fromkeys(சந்தை.values())) என்று எழுதினால் முதலில் வந்தது முதலிலேயே நிற்கும்: கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட். டிக்சனறி உள்ளிட்ட வரிசையைக் காக்கும் என்பது 3.7 இலிருந்து மொழியின் உறுதியான விதி. வேலையின் அளவும் செற்றைப் போலவே பெறுமதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் கூடும். வரிசை தேவையே இல்லை, "இது இருக்கிறதா" என்று மட்டும் பார்க்கப்போகிறோம் என்றால் செற் போதும். மற்ற எல்லா இடத்திலும் ஃப்ரொம்கீஸையே எடுங்கள்.

வெறும் லிஸ்ற்றை வைத்து, "இதில் இல்லையென்றால் சேர்" என்று ஃபோர் லூப் எழுதுவது மூன்றாவது வழி. வேறுபட்ட பெறுமதிகள் 10,000 இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஒப்பீடு நடக்கும். ஹாஷ் செய்ய முடியாத பெறுமதிகளுக்கு மட்டும், அதுவும் சிறிய தரவுக்கு மட்டும், இது சரி.

ஒரு கடையில் பல இனம் விற்றால் பெறுமதி லிஸ்ற்றாகிவிடும். அப்போது செற், ஃப்ரொம்கீஸ், கவுன்ரர் எல்லாமே ரைப்எறர் தரும், ஏனென்றால் லிஸ்ற்றை ஹாஷ் செய்ய முடியாது. இற்றர்ரூல்ஸில் உள்ள செயின்.ஃப்ரொம்_இற்றரபிளால் எல்லா லிஸ்ற்றையும் ஒரே ஓட்டமாக்கி, அதை ஃப்ரொம்கீஸுக்குக் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: யாராவது ஒரு கடைக்கு மட்டும் லிஸ்ற் போடாமல் "விலாட்" என்று வெறும் சரமாக எழுதியிருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. வ, ி, ல, ா, ட, ் என்று ஆறு துண்டு விடைக்குள் வந்து விழும். சரமா என்று இஸ்இன்ஸ்ரன்ஸால் பார்த்து, அப்படியானால் லிஸ்ற்றுக்குள் வைத்துவிடுங்கள்.

தமிழ்த் தரவில் இதைவிடப் பெரிய தொல்லை, திரையில் ஒரே மாதிரித் தெரியும் பெயர் விடையில் இரண்டு தரம் வருவது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். லென் போட்டுப் பாருங்கள்: கறுத்தக்கொழும்பான் ஒன்றில் 18 காட்டும், மற்றதில் 19. பைதனுக்கு அவை வேறுவேறு சரங்கள். மாறிகளின் பெயர்களைப் பைதன் தானாகவே ஒருமுகப்படுத்துகிறது, சரங்களைத் தொடுவதில்லை. கோப்பாய், கொக்குவில் போன்ற ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். எந்த வழியை எடுத்தாலும், அதற்கு முன் ஒவ்வொரு பெறுமதியையும் யூனிகோட்டேற்றா.நோர்மலைஸ் ஊடாக "என்எஃப்சி" வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவு) மாற்றி, ஸ்ற்றிப்பால் ஓர இடைவெளியையும் வெட்டுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக ள எழுத்தைத் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதற்குத் தனியாக ரிப்ளேஸ் எழுதத்தான் வேண்டும்.

விடையை சோர்ட்டெட்டால் அடுக்கினால் தமிழ் அகரவரிசை வராது. யூனிகோட்டில் ற, ள, ழ மூன்றும் வகரத்துக்கு முன்னால் நிற்கின்றன. அகரவரிசை வேண்டுமென்றால் எழுத்து வரிசையை நீங்களே ஒரு சரமாக எழுதி, அதிலுள்ள இடத்தைக் கீயாகக் கொடுக்க வேண்டும்.

எந்த இனம் எந்தெந்தக் கடையில் என்பதும் தேவையென்றால், டிக்சனறியைத் தலைகீழாக்கும் ஒருவரிக் கொம்பிரிஹென்சனை (ஃபோர் லூப்பை அடைப்புக்குள்ளேயே எழுதிப் புது டிக்சனறி கட்டும் வடிவம்) எழுதாதீர்கள். அது ஒவ்வோர் இனத்துக்கும் கடைசிக் கடையை மட்டுமே மிச்சம் வைக்கும். டிஃபோல்ட்டிக்ட்(லிஸ்ற்) (புதுச் சாவிக்குத் தானாகவே வெறும் லிஸ்ற் வைக்கும் டிக்சனறி) எடுத்து, இனத்தைச் சாவியாக்கி, கடைப் பெயரை அப்பெண்ட் செய்துகொண்டு போங்கள். அதன் சாவிகளே வேறுபட்ட பெறுமதிகள்; லிஸ்ற்றின் நீளம் 1 ஆக இருப்பவை ஒரு தரம் மட்டும் வந்தவை.