டிரேஸ்டுகெதர்: கருவி நன்று, அதோடு வந்த வாக்குறுதி?

கோவிட் தொற்றியவருக்கு அருகே இருந்தவர்களைக் கண்டுபிடிக்க (தொடர்புத் தடமறிதல்) சிங்கப்பூர் கொண்டுவந்த டிரேஸ்டுகெதர் சேவை 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அடுத்த பெருந்தொற்றில் ஏதாவதொரு அரசாங்கம் இதைப் போன்ற ஒன்றை மக்கள் கையில் கொடுக்கத்தான் போகிறது. அதனால் இப்போதே இதை எடைபோட்டு வைப்பது நல்லது. பொறியியலாகப் பார்த்தால் கவனமாகச் செய்த வேலை. தரவு தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும், நம்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்ற வாக்குறுதியோ, சட்டம் வரும்வரை வெறும் வாய்ச்சொல்லாகவே இருந்தது.

செயலி 2020 மார்ச் 20-ல் வெளியானது. கைபேசி எண்ணைப் பதிந்ததும் தற்காலிக அடையாளக் குறிகள் வந்துசேரும். அவை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும். அருகிலுள்ள கைபேசியோடு புளூடூத் வழியாகக் குறிகளைப் பரிமாறிக்கொண்டு, சமிக்ஞையின் வலிமையையும் சேர்த்துக் கைபேசிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். 25 நாள் ஆனால் பதிவு தானாக அழியும். ஜிபிஎஸ் கிடையாது, யாருக்கு அருகே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது மட்டுமே பதிவாகும், எந்த இடத்தில் என்பது பதிவாகாது. தொற்று உறுதியானால்தான் பதிவேற்றச் சொல்வார்கள். அந்தக் குறிகளைப் பிரித்து ஆளைக் கண்டுபிடிக்கும் சாவி சுகாதார அமைச்சிடம் இருந்தது. பின்னால் வந்த சர்ச்சைக்கு வேர் இந்தச் சாவிதான்.

புளூடூத்தை வைத்துத் தூரத்தை அளப்பதில் சிக்கல்கள் உண்டு. ஒவ்வொரு கைபேசி மாடலும் வெவ்வேறு வலிமையில் சமிக்ஞை அனுப்பும் என்பதால் மாடல்வாரியாகச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். நடுவில் ஓர் உடல் மறைத்தாலும், கைபேசி பையின் அடியில் கிடந்தாலும் சமிக்ஞை குன்றும். பக்கத்தில் நின்றவர் தொலைவில் நின்றவராகத் தெரிவார். சுவருக்கு அப்பால் இருப்பவரோ பக்கத்தில் இருப்பதாகப் பதிவாகிவிடலாம். இதனால்தான் முடிவைச் செயலியிடம் விடாமல், தடமறியும் ஊழியர் ஒருவர் விசாரித்துத் தீர்மானிக்கும்படி வைத்தார்கள். சரியான ஏற்பாடு. தடமறிய ஆகும் சராசரி நேரம் நான்கு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்கும் கீழே வந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள்.

ஐபோன்தான் பெரிய தலைவலி. செயலி திரையில் திறந்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்தது. பின்னணிக்குப் போனால் புளூடூத் ஏறக்குறைய முடங்கியது. 2020 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து கொடுத்த முறையில் இந்தக் குறை இல்லை. ஆனால் அதில் எச்சரிக்கை பயனரின் கைபேசிக்கு மட்டுமே போகும். யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பட்டியல் அமைச்சுக்குக் கிடைக்காது. சிங்கப்பூர் அதை ஏற்கவில்லை. தடமறியும் ஊழியருக்கு அந்தப் பட்டியல் தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பட்டியல் இருந்தால் அதை வேறு யாரும் கேட்க முடியும் என்பதும் அந்த முடிவோடு சேர்ந்தே வந்தது.

கைபேசிச் செயலிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக்கூடிய கையடக்கக் கருவி பற்றிய அறிவிப்பு 2020 ஜூனில் வந்தபோது, அதை எதிர்த்த இணைய மனுவில் 50,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே, கருவியைப் பொறுத்தவரை அது மிகை. அதில் ஜிபிஎஸ் இல்லை, இணையம் இல்லை. வெளி வல்லுநர்களை அழைத்துக் கருவியை ஆராயவும் விட்டார்கள். இதற்காக அரசாங்கத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். மூத்தோருக்கு ஜூன் 28 முதலும், மற்றவர்களுக்கு செப்டம்பர் 14 முதலும் இலவசமாகக் கொடுத்தார்கள். மின்கலம் 6 முதல் 9 மாதம் தாங்கும், மின்னேற்றம் செய்ய வேண்டியதில்லை. பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கருவி வேலை செய்கிறது. சிவப்பு மின்னினாலோ விளக்கே வராவிட்டாலோ சமூக மன்றத்தில் மாற்றிக்கொள்ளலாம். பிறகு சில கடைத்தொகுதிகளில் மாற்றித் தரும் இயந்திரங்களும் வந்தன. ஸ்மார்ட்ஃபோன் இல்லாத முதியவருக்கு இதைவிட எளிதாக ஒன்றைக் கொடுத்திருக்க முடியாது.

சேஃப்என்ட்ரி என்ற வாசல் பதிவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போனோம் என்பதைப் பெயரோடு மையத்தில் சேமித்தது அதுதான். தொடக்கத்தில் அடையாள அட்டையைக் காட்டியும் நுழையலாம். 2021 மே 17 முதல் டிரேஸ்டுகெதர் செயலி அல்லது கருவி மட்டுமே செல்லும் என்றானது. விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்த சேவை, கடைத்தொகுதிக்குள் நுழையும் அனுமதிச் சீட்டாக மாறியது. கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்து, கருவியும் கையில் இல்லையென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கட்டாயம் வரப்போவதாக 2020 அக்டோபரிலேயே அறிவித்தார்கள். பயனர் எண்ணிக்கை மளமளவென ஏறியது. தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே தரவு பயன்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். மக்கள்தொகையில் சுமார் 78 விழுக்காட்டினர் சேர்ந்துவிட்ட நிலையில், 2021 ஜனவரி 4 அன்று உள்துறை துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் உண்மையைச் சொன்னார்: குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறை இந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம். ஒரு கொலை வழக்கில் ஏற்கெனவே பயன்படுத்தியும் இருந்தார்கள். அந்தச் சட்டத்தைத் தாம் நினைத்துப் பார்க்கவில்லை என்று பாலகிருஷ்ணன் மறுநாள் ஒப்புக்கொண்டார். கொலையாளியைப் பிடிக்கக் கூடாதென்று யாரும் வாதிடவில்லை. ஒரு காரணத்தைச் சொல்லி வாங்கிய சம்மதத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தலாமா என்பதுதான் கேள்வி.

2021 பிப்ரவரி 2-ல் நிறைவேறிய சட்டத் திருத்தம் பாதி மருந்து. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடும் பாலியல் குற்றம் உட்பட ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் காவல்துறை தரவைக் கேட்கலாம். மீறிப் பயன்படுத்துவோருக்கு 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தேவை முடிந்ததும் தரவை அழித்தாக வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டிய விதிகள், பத்து மாதத்துக்கும் மேல் தாமதித்து வந்தன.

இன்னொரு பிரிவினரின் அனுபவம் முற்றிலும் வேறு. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளமாக இருக்கும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் புளூபாஸ் என்ற தனித் தடமறியும் கருவி பயன்பாட்டில் இருந்தது. அதை அணிந்திருந்தாலும் அவர்கள் இஷ்டப்படி வெளியே போக முடியவில்லை. 2022 ஏப்ரல் 26 முதல் பெரும்பாலான இடங்களில் டிரேஸ்டுகெதர் தேவையில்லை என்றானது. விடுதி ஊழியருக்கோ வெளியே செல்லும் அனுமதிச் சீட்டு ஜூன் வரை நீடித்தது. அதன் பிறகும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா போன்ற நான்கு இடங்களுக்குப் போகத் தனி அனுமதி வேண்டியிருந்தது. தடமறியும் கருவி இருந்தால் நடமாட்டத்தைத் தடுக்கத் தேவையில்லை என்பதே இந்தச் சேவைக்கான அடிப்படை நியாயம். அந்த நியாயம் விடுதி வாசலுக்குள் போகவே இல்லை. இந்த மதிப்பீட்டில் மன்னிக்க முடியாத குறை இதுதான்.

முடித்துவைத்த விதம் ஒழுங்காக இருந்தது. 2023 பிப்ரவரி 13 முதல் மார்ச் 12 வரை சமூக மன்றங்களில் கருவிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு கொலை வழக்குக்கான தரவைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டதாகவும் அறிவித்தார்கள்.