சமதளமா, பொடிமண்ணா? நிலவில் சூரியக் காற்று அணுவைப் பெயர்க்கும் கணக்கு

கோவையில் முதுநிலை இயற்பியல் படித்தபோது, சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்கள், நிலவின் கனிமங்களிலிருந்து எத்தனை அணுக்களைப் பெயர்க்கிறது என்பதைக் கணினியில் கணக்கிடும் பணியை எடுத்துக்கொண்டேன். இலக்கை வழவழப்பான சமதளமாக வைப்பதா, பொடிமண்ணாக வைப்பதா என்ற கேள்வி முதலிலேயே வந்தது. நான் பொடிமண்ணைத் தேர்ந்தேன். இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான். நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வரும் புரோட்டான்களும் ஹீலியம் அயனிகளும் கனிமத்துக்குள் புகுந்து அணுக்களை மோதித் தள்ளுகின்றன. பிணைப்பை அறுக்கப் போதுமான ஆற்றல் பெற்ற மேற்பரப்பு அணு வெளியே தெறிக்கிறது. ஹீலியம் எண்ணிக்கையில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் என்றாலும், ஓர் அயனி பெயர்க்கும் அணுக்கள் புரோட்டானைவிடப் பல மடங்கு என்பதால் அதை விட்டுவிட முடியாது.

சமதளத்தில் கணக்கு விரைவாக முடியும். மெல்லிய படலத்தின் எடை இழப்பை அளந்த ஆய்வக முடிவுகளோடு நேரடியாக ஒப்பிடவும் முடியும். அதன் சிறப்பு அவ்வளவே.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பெயர்ந்த அணு உண்மையில் மண்ணைவிட்டு நீங்குகிறதா என்பது. கெட்டித்த களத்தில் மழைத்துளி விழுந்தால் சேறு முழங்கால்வரை தெறிக்கும். உழுத செம்மண் காட்டில் விழுந்தால் பெரும்பகுதி பக்கத்துக் கட்டியிலேயே அப்பிக்கொள்ளும். நிலவின் மண் இரண்டாவது வகை. துகள்களுக்கிடையே தெறிக்கும் அணுக்களில் பல அடுத்த துகளில் ஒட்டிக்கொள்கின்றன. சாய்வாக வரும் அயனி சமதளத்தில் அதிக அணுக்களைப் பெயர்க்கும் என்ற கோண வேறுபாடும், பல திசைகளில் சாய்ந்த துகள்களால் பெரிதும் மங்கிவிடுகிறது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர்நிற அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண் இப்பகுதிப் பாறையை அரைத்துத்தான் தயாரிக்கப்பட்டது. உடைத்த சில்லின் தட்டையான முகத்தையும் அதன் பொடியையும் உருப்பெருக்கியில் அடுத்தடுத்துப் பார்த்தபோது, ஒரே கனிமம் இரண்டு வேறு நிலப்பரப்புகளாகத் தெரிந்தது.

அயனிக் கற்றையை நானே இயக்கிப் பழகியதில்லை; ஆகவே என் எண்களைவிட அளவீட்டையே நம்புகிறேன். அப்போலோ 16 கொண்டுவந்த மண்ணை வைத்து வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் 2025-இல் வெளியிட்ட முடிவில், பெயரும் அளவு முந்தைய மதிப்பீடுகளைவிடப் பத்து மடங்குவரை குறைந்திருந்தது. சமதள எண்ணை அப்படியே நிலவுக்குப் பொருத்தினால், இப்படிப் பெயரும் அணுக்கள் சேரும் அதன் மெல்லிய வளிமண்டலத்தில் சூரியக் காற்றின் பங்கைப் பெரிதாக்கி, நுண்விண்கற்களின் மோதல் சேர்க்கும் பங்கைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.