காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பழைய புத்தகக் கடை

புதுச்சேரி போனால் ஞாயிறு சந்தையில் பழைய புத்தகம் விரித்திருக்கும் அண்ணனிடம் கட்டாயம் நில்லுங்கள். அட்டை நைந்து, ஓரம் பழுத்த ஒரு தன்வரலாறு அங்கே கிடைத்தது, அமெரிக்காவின் யூட்டாவில் வாழ்ந்த, அந்தக் காலத்தில் பலதார மணத்தை ஏற்றிருந்த மார்மன் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த பெண் ஆனி கிளார்க் டேனர் எழுதியது. 1883இல் இரண்டாம் மனைவியாகக் கல்யாணம், ஆனால் பலதார மணத்துக்குச் சட்டம் தடை போட்டிருந்ததால் ஊரறியச் சொல்ல முடியாமல் தாய்வீட்டுக்கே திரும்பி, அப்புறம் அரசாங்க ஆட்களுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்து, பத்துப் பிள்ளை பெற்று, 1900களில் கணவர் கனடாப் பக்கம் போய்விட, குடும்பத்தை ஏறக்குறைய தனியாளாய்க் கரைசேர்த்திருக்கிறார். கடைக்குட்டி ஓபர்ட் பின்னாளில் தத்துவப் பேராசிரியர். படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அண்ணன் விலையில் கறார் கிடையாது, எவ்வளவு நேரம் புரட்டினாலும் முகம் சுளிக்க மாட்டார். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நல்ல புத்தகமெல்லாம் அடுக்கின் அடியில்தான் கிடக்கும்.