திருகோணமலையில் முதல் கமரா: பாவித்த கெனன் 1300டி எப்படி?

குறைந்த காசில் முதல் கமரா தேடுபவருக்கு எங்கள் பதில் இதுதான்: பாவித்த கெனன் ஈஓஎஸ் 1300டி, கூடவே 18-55 மில்லிமீற்றர் ஐஎஸ் 2 லென்ஸ். ஒரு நிபந்தனை உண்டு. லென்ஸுக்குள் பூஞ்சணம் இருக்கக்கூடாது, பொடிக்குள், அதாவது லென்ஸ் நீங்கலான கமராவின் உடலுக்குள், உப்புத் தண்ணீர் போயிருக்கக்கூடாது. கடலும் மாரியும் சூழ்ந்த இந்த ஊரில், பாவித்த கமராவின் வயதைவிட அது எங்கே, எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம்.

1300டி 2016இல் வந்த கமரா. 18 மெகாபிக்சல். அந்த எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஒரு படம் 5184க்கு 3456 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தாலும் 17 அங்குல அகலம் வரும். கல்யாண அல்பத்துக்கும் சுவரில் மாட்டும் 12க்கு 8 படத்துக்கும் இது தாராளம். அமெரிக்காவில் இதன் பெயர் ரெபல் டி6, யப்பானில் கிஸ் எக்ஸ்80. யப்பானில் இருந்து வந்த பாவித்த கமரா என்று கிஸ் எக்ஸ்80ஐக் காட்டினால் குழம்பாதீர்கள்; உள்ளே இருப்பது அதே கமராதான். மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடிகிறதா என்று மட்டும் வாங்கும் இடத்திலேயே பாருங்கள். அதன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும். பிளக்கின் காலுக்கு அடப்டர் இருந்தால் போதும்.

நல்ல போன் கையில் இருக்க இது எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. பகலில் உப்புவெளிக் கரையில் நின்று எடுக்கும் அகலமான படத்துக்குப் போனே போதும். வித்தியாசம் தெரிவது மங்கிய வெளிச்சத்திலும் தூரத்திலும்தான். 1300டியின் சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் தகடு, 22.3க்கு 14.9 மில்லிமீற்றர். மலிவான கையடக்கக் கமராக்களில் இருக்கும் சென்சர் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர்தான். பரப்பளவில் 12 மடங்கு வித்தியாசம். இந்தக் காரணத்தாலேயே, விலை குறைவு என்று பழைய கையடக்கக் கமரா வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. புதிய போன் அதைவிட நன்றாக எடுக்கும்.

லென்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1300டியோடு இரண்டு விதமான 18-55 வந்தன. ஐஎஸ் 2 என்பதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டேபிலைசர் உண்டு. வெறும் 3 என்று எழுதியிருப்பதில் அது இல்லை. விளம்பரங்களில் இரண்டையும் "18-55 கிட் லென்ஸ்" என்றுதான் போடுவார்கள். பிரித்தறிவது சுலபம்: ஐஎஸ் லென்ஸின் பக்கத்தில் இரண்டு சுவிச் இருக்கும், ஒன்று போக்கஸுக்கு, மற்றது ஸ்டேபிலைசருக்கு. மற்றதில் ஒரு சுவிச்தான். படம் அனுப்பச் சொல்லும்போது லென்ஸின் இடப்பக்கத்தைக் கேளுங்கள். லென்ஸை 55 மில்லிமீற்றர் வரை முழுதாக இழுத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/20 செக்கன் வைத்து எடுத்தால், ஐஎஸ் இல்லாத லென்ஸில் பெரும்பாலான படம் கலங்கும். இருந்தால் பெரும்பாலானவை தப்பும். ஆட்கள் அசைந்தால் மட்டும் எந்த ஸ்டேபிலைசராலும் உதவ முடியாது. காவடி ஆடுபவரை 1/20இல் எடுத்தால் பின்னால் உள்ள கோபுரம் தெளிவாக வரும், ஆள் கரைந்து போவார்.

இந்த லென்ஸுக்கு இன்னொரு கவனம் தேவை. போக்கஸ் சுவிச் ஏஎஃபில் (தானாகப் போக்கஸ் ஆகும் நிலை) இருக்கும்போது முன்வளையத்தைக் கையால் திருகக்கூடாது. உள்ளே இருக்கும் சிறிய மோட்டாரின் பல்லுச் சக்கரம் தேய்ந்துவிடும். பாவித்த லென்ஸில் போக்கஸ் செய்யும்போது கர்ரென்று இழுத்து நின்றால் பெரும்பாலும் இப்படித்தான் கெட்டிருக்கும்.

இனி, வாங்கும் நேரத்தில் பார்க்க வேண்டியவை. பகல் வெளிச்சத்தில், ஒரு ரோச் லைட்டும் சொந்த மெமரி காட்டும் கொண்டு போங்கள். "அண்ணை, லென்ஸைக் கழற்றிப் பாக்கலாமோ?" என்று முதலிலேயே கேளுங்கள். மறுப்பவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

கழற்றிய லென்ஸின் ஒரு பக்கத்தில் ரோச்சை அடித்து மறுபக்கத்தில் இருந்து சரிவாகப் பாருங்கள். தனித்தனித் தூசி தெரிவது பரவாயில்லை, படத்தில் வராது. சிலந்தி வலை போலவோ வேர் விட்டது போலவோ நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். அதைத் துடைக்க லென்ஸைப் பிரிக்க வேண்டும். கிட் லென்ஸுக்கு அந்தக் கூலி கட்டாது. கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

அடுத்தது பொடி. அடிப்பக்கத்து ஆணிகள், பிளாஷ் செருகும் தண்டவாளம், பெல்ட் கொழுவும் வளையம் மூன்றிலும் துரு இருக்கிறதா பாருங்கள். பற்றரி அறையைத் திறந்து, உள்ளே இருக்கும் தகடுகளில் பச்சை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போன கமரா இன்று வேலை செய்யும், பிறகு நின்றுபோகலாம். செம்புத் தடங்கள் மெதுவாக அரிக்கப்படுவதால் விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

பிறகு மூன்று படம். அபர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம்) மிகச் சிறிதாக எஃப் 22க்கு வைத்து, லென்ஸை 55க்கு இழுத்து, கையால் போக்கஸைக் குலைத்து, வெறும் வானத்தை எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சென்சரில் ஒட்டிய தூசி சாம்பல் புள்ளியாகத் தெரியும். 1300டியில் சென்சரைத் தானாக உதறிச் சுத்தம் செய்யும் வசதி இல்லை, ஆகவே நாலைந்து புள்ளி இருப்பது வழக்கம். ரப்பர் ஊதியால் ஊதினால் போகும். எண்ணெய்ப் பொட்டுப் போல விளிம்பு தெளிவாக இருப்பது ஊதினால் போகாது. இரண்டாவது, லென்ஸின் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவை 800இல் வைத்து 30 செக்கன். சிவப்பு, நீலப் புள்ளி ஒன்றிரண்டு வருவது வழக்கம். கோடாக வந்தால் சென்சர் பழுது. மூன்றாவது, உள்பிளாஷை எழுப்பி ஒன்று. பழைய கமராக்களில் அது எழும்பாமல் நிற்பது உண்டு.

எரர் 01 என்று காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். லென்ஸும் பொடியும் தொடும் தங்க நிறப் புள்ளிகளில் அழுக்கு இருந்தாலும் அது வரும். உலர்ந்த சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் லென்ஸின் உள்நாடா அறுந்திருக்கலாம், அது செலவு.

எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை 1300டியின் படக் கோப்பில் இருந்து அறிய முடியாது. கோப்பு எண்ணை நம்ப வேண்டாம், அதை மாற்றலாம். யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். நிக்கோனில் இது சுலபம், ஒரு ஜேபெக் படத்திலேயே எண் பதிந்திருக்கும்.

விலை குறைவென்று இணைய விளம்பரத்தைப் பார்த்துக் கொழும்பில் இருந்து பஸ்ஸில் அனுப்பச் சொல்லி வாங்குபவர்கள் உண்டு. வேண்டாம். 250 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் ஒரு நாளும் போய், பேச்சும் மாறிவிடும். அந்த விலை வித்தியாசத்துக்கு, ஊருக்குள்ளேயே கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது மேல்.

கமராவில் திருப்தி தராதவையும் உண்டு. உள்பிளாஷின் வழிகாட்டி எண் 9.2. அதாவது ஐஎஸ்ஓ 100இல், எஃப் 3.5இல் இரண்டரை மீற்றர் வரைதான் எட்டும். ஐஎஸ்ஓ 400 வைத்தால் ஐந்து மீற்றர். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து பிளாஷ் அடிப்பது வீண். திரையைப் பார்த்து எடுக்கும்போது போக்கஸ் மிக மெதுவாகத் தேடும். ஓடும் பிள்ளையை அப்படி எடுக்க முடியாது, வியூபைண்டரில் கண் வைத்தே எடுக்க வேண்டும். பற்றரியும் அப்படித்தான்: வியூபைண்டரில் 500 படம், திரையில் 180. ஒன்பது போக்கஸ் புள்ளிகளில் நடுப்புள்ளிதான் நம்பகமானது, மங்கிய வெளிச்சத்தில் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி மைக் செருக இடமில்லை. வீடியோதான் முக்கியம் என்றால் இந்தக் கமரா உங்களுக்கு அல்ல. வீடியோ எடுக்கவே வேண்டுமென்றால் மெனுவில் பால் (PAL) எனும் வீடியோ முறைக்கு மாற்றி, 1/50 செக்கனில் எடுங்கள்; எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ் ஆனபடியால் 1/60இல் ரியூப் லைட் அடியில் படம் மினுங்கும்.

இதே விலைப் பக்கத்தில் வேறு சிலவும் கண்ணில் படும். கெனன் 3000டி புதிதாக வந்த காலத்தில் விலை குறைவு என்று பலர் வாங்கினார்கள். அதன் லென்ஸ் மவுண்ட் பிளாஸ்ரிக், திரை 2.7 அங்குலம், கண்ணாடி போடுபவருக்கு வியூபைண்டரைச் சரிசெய்யும் சக்கரமும் இல்லை. 1300டி கிடைக்கும்போது அதைத் தொட வேண்டாம். 1500டி 24 மெகாபிக்சல், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் பிளாஷ் செருகும் இடத்தின் நடுத் தொடுகை அதில் இல்லாததால் மலிவான வேறு நிறுவனப் பிளாஷ்கள் பல எரியாது.

நிக்கோன் டி3500 (2018) உண்மையில் இதைவிட நல்ல கமரா. பொடி மட்டும் 365 கிராம், ஒரு பற்றரியில் 1550 படம், இருட்டிலும் படம் சுத்தம். கிடைத்தால், விலை கட்டுப்படியானால், அதையே வாங்குங்கள். பிறகு லென்ஸ் வாங்கும்போது மட்டும் கவனம்: பொடிக்குள் போக்கஸ் மோட்டார் இல்லாததால், விலை குறைந்த 50 மில்லிமீற்றர் 1.8டி அதில் தானாகப் போக்கஸ் ஆகாது, 1.8ஜி தேவை. டி3100, டி3200 போன்ற பழைய நிக்கோன்களில் புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் போக்கஸ் ஆகவே மாட்டா. கெனனில் இந்தத் தலையிடி இல்லை. 1300டியில் எந்த ஈஎஃப், ஈஎஃப்-எஸ் லென்ஸும் வேலை செய்யும், நண்பரிடம் இரவல் வாங்கியும் போடலாம். முதல் கமராவுக்கு நாங்கள் கெனனைச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

இங்கே எப்படி அமைப்பது? டயலை ஏவியில் வையுங்கள்; அபர்ச்சரை நீங்கள் வைக்க, செக்கனைக் கமராவே தெரிவு செய்யும் முறை அது. நிலாவெளியின் வெள்ளை மணலில் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். ஏவி பட்டனை அழுத்தியபடி சக்கரத்தைத் திருப்பிக் கூட்டல் 0.7 கொடுங்கள். டச்சுக் குடாவில் சூரியன் எழும்போது கழித்தல் 0.7, இல்லாவிட்டால் வானத்தின் நிறம் வெளுக்கும். உள்துறைமுகப் பக்கத்து மாலைக்கும் அதேதான். நண்பகலில் கடலைப் பின்னால் வைத்து ஆளை எடுத்தால் முகம் கறுக்கும், பிளாஷ் அடித்தாலும் ஒன்றரை மீற்றருக்குள் நின்றால்தான் கொஞ்சம் உதவும். மாலை நாலரைக்குப் பிறகு எடுப்பது நல்லது. பிரட்றிக் கோட்டை மான்கள் கிட்ட வருவதால் 55 போதும். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுக்கு 55-250 லென்ஸ் வேண்டும், 1/1000 செக்கனும் வேண்டும். அதை முதல் மாதத்தில் யோசிக்க வேண்டாம்.

உப்பும் ஈரமும் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கரையில் இருந்து வந்ததும் முதலில் ஊதியால் மணலை ஊதுங்கள். ஊதாமல் சாரத்தால் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பொடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வெறும் உலர்ந்த துணி உப்பைப் பரப்புமே தவிர எடுக்காது. ஏசி அறையில் இருந்தோ ஏசி வானில் இருந்தோ வெளியே வரும் முன் கமராவைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வெளியே வந்து அரை மணி நேரம் விடுங்கள். நீர் பையின் வெளியில் வியர்க்கும், லென்ஸில் வியர்க்காது.

மாரி காலத்தில், ஐப்பசி கடைசியில் இருந்து தை வரை, தோல் பைக்குள்ளோ அலுமாரிக்குள்ளோ வைக்கவே கூடாது. ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வளரும். இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றும் 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஒரேஞ்ச் பச்சையானாலோ, நீலம் ரோசானாலோ ஈரம் நிறைந்துவிட்டது. சமையலுக்குப் பாவிக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் பழைய நிறம் வரும்வரை காய்ச்சி, ஆறியபின் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் மாத்தூள் லென்ஸ் வளையங்களுக்குள் புகும்.

கையில் உள்ள காசு முழுவதையும் பொடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் எட்டுப் பங்கை அதற்கு வைத்து, மீதியில் இரண்டாவது எல்பி-ஈ10 பற்றரி, நல்ல நிறுவனத்தின் 32 ஜிபி கிளாஸ் 10 காட், ரப்பர் ஊதி, 58 மில்லிமீற்றர் பில்டர், மூடும் பெட்டி இவற்றை வாங்குங்கள். அதிவேகக் காட் வேண்டாம், இந்தக் கமரா அந்த வேகத்தைப் பாவிக்காது. இரவில் விளக்குகளை எடுக்கும்போது பில்டரைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் பச்சையாக ஒரு நிழல் விளக்கு விழும்.

ஆறு மாதம் கழித்துக் காசு சேர்ந்தால் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வாங்குங்கள். அதே 50இல் கிட் லென்ஸ் விடும் வெளிச்சத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு இது விடும். கோயில் வெளிவீதியில் இரவுத் திருவிழாவைப் பிளாஷ் இல்லாமல் 1/200இல் எடுக்கலாம், காவடி கரையாது. வீட்டு அறைக்குள் மட்டும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்; முழு ஆள் விழ, நிமிர்த்திப் பிடித்தாலும் நாலு மீற்றர் பின்னால் போக இடம் வேண்டும்.